பின் அச்சுக்கு நடு எது?

புது ரிம் மாட்டிய கையோடு ஒரு பக்கப் பின் டயர் மட்காட்டை உரசுகிறது. மறுபக்கம் விரல் நுழைய இடம் இருக்கிறது. பினாங்குப் பட்டறைகளுக்கு இது பழகிப்போன புகார். பழைய டொயோட்டா கேஇ70, வால்வோ 240, 1998-இல் வந்த பெரோடுவா கெம்பாரா, 2019-இல் வந்த அரூஸ் என்று வண்டிகளின் வயது மாறலாம், புகார் மாறுவதில்லை. இந்த நான்குக்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. பின் சக்கரங்கள் இரண்டையும் விறைப்பான ஒரே அச்சு இணைக்கிறது. அதன்மேல் காயில் ஸ்பிரிங்கில் உடல் அமர்ந்திருக்கிறது. அச்சு இடமோ வலமோ நகர்ந்துவிடாமல் ஒற்றைக் கம்பி பிடித்துக்கொள்கிறது. அந்தக் கம்பியின் ஒரு முனை அச்சில், மறு முனை எதிர்ப்பக்கத்தில் உடலில். பன்ஹார்ட் ராட் என்றும் லேட்டரல் ராட் என்றும் அதைச் சொல்கிறோம்.

ஜெலுத்தோங்கிலும் டத்தோ கிராமாட் சாலைப் பக்கமும் இந்தப் புகாருக்குக் கிடைக்கும் வைத்தியம் நான்கு வகை. இடம் அதிகமுள்ள பக்கம் ஸ்பேசர் வைப்பது. உரசும் பக்கம் மட்காட்டின் விளிம்பை மடிப்பது. நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய லேட்டரல் ராட் மாட்டுவது. கம்பியையே தூக்கிவிட்டு வாட் இணைப்பு பொருத்துவது. நான்குக்கும் பரிந்து பேச ஆள் இருக்கிறார்கள். எந்தப் போர்மன் கெட்டிக்காரர் என்ற விவாதத்தை ஒதுக்கிவிட்டு முறைகளை மட்டும் எடைபோடலாம். அதற்கு நான்கு கேள்விகள் போதும். அந்த முறை எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறது? கார் எந்த உயரத்தில் நிற்கும்போது அளக்கிறது? காரணத்தைத் திருத்துகிறதா, விளைவை மறைக்கிறதா? போகிற போக்கில் புதிதாக என்ன குறையைச் சேர்க்கிறது?

முதலில் ரிம்மின் மேல் விழும் பழி. 6 அங்குல அகலமும் ஈடி 40-உம் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப் முகம் 40 மி.மீ. வெளியே) உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு 7 அங்குலம், ஈடி 30 மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அகலம் கூடியதில் வெளி விளிம்பு 12.7 மி.மீ. வெளியே வருகிறது, ஈடி குறைந்ததில் இன்னும் 10. மொத்தம் 22.7 மி.மீ. உள் விளிம்பு உள்ளே போவது 2.7 மி.மீ. மட்டுமே. இந்தக் கணக்கு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. அச்சு ஏற்கெனவே 8 மி.மீ. இடப்பக்கம் தள்ளி இருந்து, பழைய ரிம்மில் இடது இடைவெளி 27, வலது 43 என்று இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. புது ரிம்மில் அதுவே 4, 20 என்று ஆகிவிடும். விலகல் கூடவில்லை, அதை மறைத்திருந்த இடம் குறைந்துவிட்டது. ஆகவே 'ரிம் மாட்டினதால அச்சு ஓடிடுச்சு' என்ற பேச்சை முழுதாகத் தள்ளலாம்.

ஆனால் ரிம்மை விசாரிக்காமலே விடுவிப்பதும் முறையன்று. பழைய ரிம் செட்டாக வாங்கும்போது நான்கும் ஒரே ஈடி என்று நம்புவதற்கு ஆதாரம் ரிம்மின் உள்பக்கம் வார்த்திருக்கும் எண் மட்டுமே. அதைப் பார்க்காமல் மாட்டிய செட்டுகள் ஊரில் நிறைய. இதைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: பின்னிரண்டு சக்கரங்களையும் இடம் வலம் மாற்றிப் போட வேண்டும். உரசல் சக்கரத்தோடு கூடவே போனால் குறை ரிம்மிலோ டயரிலோ. உரசல் அதே பக்கத்தில் நின்றுவிட்டால் குறை அச்சிலோ உடலிலோ. ஒரு ஜாக்கியும் கால் மணி நேரமும் போதும். இதைச் செய்யாமல் ஸ்பேசருக்கோ கம்பிக்கோ விலை பேசும் பட்டறை, நோய் கேட்காமல் மருந்து கட்டுகிறது.

அடுத்தது இன்னொரு நம்பிக்கை: காரை இறக்கினால் லேட்டரல் ராட் அச்சைத் தள்ளிவிடும். இதில் கோட்பாடு சரி, அளவு தவறு. கம்பி ஒரு முனையைப் பற்றி வட்ட வில்லில் சுழல்வதால், உடல் ஏறி இறங்கும்போது அச்சு பக்கவாட்டில் கொஞ்சம் நகரத்தான் செய்யும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. 900 மி.மீ. நீளக் கம்பி, உடல் முனை அச்சு முனையைவிட 60 மி.மீ. உயரம் என்று கொள்வோம். காரை 40 மி.மீ. இறக்கினால் அச்சு நகர்வது ஏறக்குறைய 1.8 மி.மீ. கம்பி ஆரம்பத்திலேயே கிடைமட்டமாக இருந்தால் ஒரு மி.மீ. கூட நகராது. அதே காரை 50 மி.மீ. உயர்த்தினால் நகர்வு 4.7 மி.மீ. கம்பி சாயச் சாய நகர்வு வேகமாகப் பெருகும் என்பதால், இறக்கியவர்களைவிட உயர்த்தியவர்களுக்கே இந்தக் கம்பியின் மேல் குறை சொல்ல உரிமை அதிகம். கெம்பாராவை உயர்த்தி ஓட்டுகிறவர் கவலைப்படட்டும். கேஇ70-ஐ இறக்கியவர் 8 மி.மீ. விலகலுக்கு வேறு காரணம் தேட வேண்டும். காரணங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே. தயாரிப்பில் அனுமதிக்கும் சிறு வித்தியாசங்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவது, தேய்ந்த ரப்பர் புஷ், வளைந்த கம்பி, எப்போதோ இடிபட்டுத் தட்டி நிமிர்த்திய உடல்.

இந்தப் பின்னணியில் நான்கு முறைகளையும் பார்ப்போம்.

ஒற்றைப் பக்க ஸ்பேசர். இதன் சிறப்பு விரைவும் விலையும். 20 மி.மீ. உள்ள பக்கம் ஒரு தட்டை வைத்தால் இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒத்துப்போகும். பார்வையைத் தாண்டி அது எதையும் செய்வதில்லை. உரசும் பக்கம் உரசிக்கொண்டேதான் இருக்கும். உரசாத பக்கத்தையும் உரசலுக்கு அருகே கொண்டுபோவதே அதன் சாதனை. அச்சின் நடு உடலின் நடுவோடு சேரவில்லை. டிஃப்ரென்ஷியலிலிருந்து ஒரு சக்கரம் மற்றதைவிடத் தூரமாகப் போய்விட்டது. தூரம் போன பக்கத்து பேரிங்குக்கு நெம்பு கூடுகிறது. ஸ்டட் நீட்டாமல் தட்டை மட்டும் வைத்தால் நட்டுக்குள் மரை பிடிக்கும் நீளம் குறைகிறது. பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது அந்தக் குறைவு சின்ன விஷயமாக இராது. நடுத்துளை ஹப்போடு பொருந்தாத மலிவுத் தட்டு அதிர்வையும் இலவசமாகத் தருகிறது. இரண்டு பக்கமும் சம அளவில், தரமான ஸ்பேசர் வைப்பது வேறு விஷயம். அதற்கு நியாயங்கள் உண்டு. ஒற்றைப் பக்க ஸ்பேசருக்கு எந்த அளவுகோலிலும் இடமில்லை.

மட்காட் மடிப்பு. ஸ்பேசரைவிட இது நேர்மையான வேலை. உரசுகிற இடத்தில் இடம் உண்டாக்குகிறேன் என்று சொல்கிறது, அதையே செய்கிறது. உள்விளிம்பைச் சூடேற்றி, உருளையால் மெல்ல மடித்தால் சில மி.மீ. கிடைக்கும், நல்ல கையில் பெயின்ட் கூட வெடிக்காது. குறை இரண்டு. காரணத்தைத் தொடுவதில்லை, அது அந்த முறையே ஒப்புக்கொள்ளும் குறை. மற்றது ஊரைச் சேர்ந்தது. கடற்காற்றும் மழையும் ஓயாத தீவில், நாற்பது வயது இரும்பின் மடிப்புக்குள் ஈரம் புகுந்தால் துரு வெளியே தெரிவதற்குள் உள்ளே வேலையை முடித்துவிடும். மடித்த விளிம்பை அன்றே அடைத்துப் பூசாத வேலையை முடிந்த வேலையாக ஏற்கக் கூடாது. இதைத் தனி மருந்தாகக் கொள்வது தவறு. அச்சைச் சரிசெய்த பிறகும் பற்றாத கடைசி மூன்று நான்கு மி.மீட்டருக்குத் துணையாகக் கொள்வது சரி.

நீளம் மாற்றக்கூடிய லேட்டரல் ராட். நான்கில் இதுவே காரணத்தை நேராகத் தொடுகிறது. அச்சை இழுக்கிற கம்பியின் நீளத்தை மாற்றினால் அச்சு ஏறக்குறைய அதே அளவு நகரும். இரு முனையிலும் எதிரெதிர் மரை, 1.5 மி.மீ. புரி என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 3 மி.மீ. அந்த 8 மி.மீட்டருக்கு இரண்டே முக்கால் சுற்றுக்குள் முடிந்துவிடும். அச்சு இடப்பக்கம் தள்ளியிருந்து, கம்பியின் உடல் முனை வலப்பக்கம் இருந்தால் சுருக்க வேண்டும். உடல் முனை இடப்பக்கம் இருந்தால் நீட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பழையபடி திருப்பிவிடலாம். வேறெந்த முறையும் தன் தவற்றைத் தானே இவ்வளவு எளிதில் திருத்திக்கொள்ள விடுவதில்லை.

ஆனால் கருவி நல்லது என்பதால் வேலை நல்லதாகிவிடாது. இந்த முறையின் பெரும்பாலான தோல்விகள் அளவெடுப்பில் நிகழ்கின்றன. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீட்டுப் பட்டறைகளில் உள்ளே இடம் போதாமல் வேலை தெருவோரத்துக்கு வந்துவிடும். தெருவோ நீர் வடிய ஒரு பக்கம் சரிந்திருக்கும். சரிந்த தரையில் நிற்கும் காரின் உடல் சரிவின் பக்கம் சாய்கிறது. அங்கே எடுத்த அளவு தெருவின் சரிவையும் சேர்த்தே சொல்கிறது. அடுத்த தவறு, ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது சரிபார்ப்பது. அச்சு கீழே தொங்கினால் கம்பியின் சாய்வு மாறிவிடும். அந்த நிலையில் நடுவாக்கிய அச்சு, காரை இறக்கியதும் நடுவை விட்டுவிடும். மூன்றாவது, இடது 4, வலது 20 என்று அளந்துவிட்டு 16 மி.மீ. நகர்த்துவது. வித்தியாசம் 16 என்றால் விலகல் அதில் பாதி. அச்சு 8 நகர்ந்தால் ஒரு பக்கம் 8 கூடி மறுபக்கம் 8 குறைந்து, இரண்டும் 12-இல் வந்து நிற்கும். 16 நகர்த்தியவர் உரசலைப் பக்கம் மாற்றி வைத்ததோடு சரி.

முறையான வேலை இப்படிப் போகும். சமதளத் தரை, நான்கு டயரிலும் உரிய காற்று, ஜாக்கியிலிருந்து இறக்கிய பிறகு காரை முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங்கை அமர விடுவது, மட்காட் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம் விளிம்புக்கும் இடையே இரும்பு ஸ்கேலால் அளப்பது, அதே அச்சை அடியில் சேஸியிலிருந்தும் இரு பக்கமும் அளப்பது. கம்பியைத் திருகிய பிறகு மீண்டும் உருட்டி, மீண்டும் அளந்து, அப்புறமே பூட்டு நட்டை இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள முனையின் போல்ட்டைக் கார் தன் காலில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் நிரந்தரமாகத் திருகிய நிலையிலேயே வேலை செய்து, சீக்கிரமே கிழியும். பிறகு பழி கம்பியின் மேல் விழும்.

கம்பியின் தரமும் எடைபோடப்பட வேண்டியதே. பழைய கம்பியை நடுவே அறுத்து, மரைக் குழாய் வைத்து வெல்டிங் அடித்துத் தருவது மலிவு. ஆனால் பின் அச்சின் பக்கவாட்டுப் பிடிப்பு முழுவதும் அந்த வெல்டிங் ஒட்டில் தொங்குகிறது. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் வளைவுகளில் ஒவ்வொரு திருப்பமும் அந்த ஒட்டை இழுத்தும் அமுக்கியும் சோதிக்கும். யார் வெல்டிங் என்று தெரியாத கம்பியை நிராகரிப்பதே நியாயம். இரும்புக் குண்டு மூட்டு வைத்த பந்தயக் கம்பிகள் அளவில் துல்லியம். ஆனால் சத்தத்தைக் காருக்குள் கொண்டுவரும், தண்ணீரும் மணலும் பட்டால் சீக்கிரம் ஆடும். அன்றாடம் ஓடும் வண்டிக்கு ரப்பர் புஷ்ஷோடு மாற்றத்தக்க கம்பி என்பதே பொருத்தமான சமரசம்.

வாட் இணைப்பு. 1784-இல் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்காகக் காப்புரிமை பெற்ற இணை இயக்கத்திலிருந்து வந்தது. நடுவில் ஒரு சுழல் கட்டை, அதன் மேலும் கீழும் எதிரெதிராக இரண்டு கம்பிகள். ஒன்றின் வில் மற்றதன் வில்லை ரத்துசெய்வதால், அச்சு ஏறி இறங்கும் வழக்கமான தூரத்துக்குள் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே போகிறது. 1978-இல் வந்த முதல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இதை வைத்திருந்தது. 1998 முதல் ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவும் இதற்கு மாறியது. ஒற்றைக் கம்பியின் கோட்பாட்டுக் குறை இதில் இல்லை; அழகிலும் ஒத்திசைவிலும் நான்கில் முதலிடம் இதற்கே. இருந்தும் நம் வழக்குக்கு இது பொருந்தாத சாதனை. வாட் இணைப்பு தீர்ப்பது அச்சு பயணத்தில் நகரும் சிக்கலை. நம் காரில் அது இரண்டு மி.மீ. மட்டுமே என்று ஏற்கெனவே பார்த்தோம். நின்ற நிலையிலேயே 8 மி.மீ. தள்ளி இருப்பது வேறு சிக்கல். அதை வாட் இணைப்பிலும் கம்பி நீளத்தை வைத்துத்தான் திருத்த வேண்டும். கூடவே தேய்வதற்கு இன்னும் பல மூட்டுகள், வெல்டிங் வேண்டும் தாங்கிகள், கூடுதல் எடை. பந்தயத் தடத்துக்கு நியாயம் சொல்லலாம். லெபோ பந்தாயில் நிறுத்த இடம் தேடும் வண்டிக்குச் சொல்ல முடியாது.

ஆக கருவி எது என்பதில் பெரிய தகராறு இல்லை. தகராறு அளவுகோட்டில் இருக்கிறது. இந்தத் துறையில் போதிய அளவு விவாதிக்கப்படாததும் அதுவே. நடு என்றால் எதற்கு நடு? பட்டறை வழக்கம் மட்காட்டை அளவுகோடாக்குகிறது. உரசுவது மட்காட்டில் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் நாற்பது ஆண்டில் பலமுறை தட்டப்பட்டு, புட்டி பூசப்பட்டு, மாற்றுத் தகடு ஒட்டப்பட்ட மட்காட், இரண்டு பக்கமும் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருப்பதாக யார் உறுதி சொல்ல முடியும்? சேஸியில் தொழிற்சாலை விட்ட துளைகளும் தண்டுகளும் அதைவிட நம்பகமானவை. முன் சக்கரங்களின் நடு மூன்றாவது கோடு. கார் நேராக ஓடுவதற்கு உண்மையில் அதுவே முக்கியம்.

மூன்றாவது கோட்டை அலைன்மெண்ட் கருவி தருகிறதே என்று சொல்லலாம். தருகிறது, ஆனால் கலந்து தருகிறது. கேஇ70-இன் வீல்பேஸ் 2,400 மி.மீ. அதில் பின் அச்சு 8 மி.மீ. பக்கவாட்டில் தள்ளியிருந்தால் முன் நடுவையும் பின் நடுவையும் இணைக்கும் கோடு சுமார் 0.19 பாகை திரும்பிவிடும்; அச்சு துளியும் கோணாமல் இருந்தாலும் கருவி தரும் தாளில் திரஸ்ட் கோணம் (பின் அச்சு நோக்கும் திசைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையிலான கோணம்) 0.19 என்று வரும். அச்சு தள்ளாமல், ஒரு பக்கம் மற்றதைவிட நாலரை மி.மீ. முன்னே வந்து கோணி நின்றாலும் ஏறக்குறைய அதே எண் வரும். இரண்டு குறைகளும் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்து, தாள் சுழியம் காட்டும். பச்சை நிறத்தில் வரும் எண்ணைக் காட்டி அச்சு நடுவில் இருக்கிறது என்று சொல்வது ஆகவே போதாது. சக்கரத்துக்குச் சக்கரம் வீல்பேஸை இரு பக்கமும் தனியாக அளந்து கோணலைப் பிரித்தெடுத்த பிறகுதான் அந்த எண்ணுக்குப் பொருள். கோணல் இருந்தால் அது அச்சை முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பிகளின் புஷ்ஷைச் சேர்ந்த குறை. லேட்டரல் ராடைத் திருகி அதைத் தீர்க்க முயல்வது ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடுவதாகும்.

இதே கண்டிப்பை மறுபக்கமும் செலுத்த வேண்டும். எட்டு மி.மீட்டரைக் கண்டு பதறும் கண், மூன்று மி.மீட்டரைக் கண்டும் பதறுகிறது. பக்கத்துக்கு இரண்டு மூன்று மி.மீ. விலகல் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வரும் வண்டியிலும் இருக்கக்கூடியதே. ஓட்டத்தில் அதை உணர முடியாது. ஐந்து மி.மீட்டருக்குக் குறைந்து, முழுப் பளுவிலும் உரசாமல் இருந்தால் கை வைக்காமல் விடுவதே தேர்ந்த முடிவு. டத்ஸன் 120ஒய் போன்ற லீஃப் ஸ்பிரிங் வண்டிகளுக்கு இந்தப் பொறுமை இன்னும் பொருந்தும். அங்கே திருகக் கம்பியே இல்லை, ஸ்பிரிங்கும் புஷ்ஷும்தான் அச்சைப் பிடிக்கின்றன. புஷ்ஷை மாற்றிவிட்டு மறுபடி அளப்பதே முதல் வேலை. டார்ஷன் பீம் வைத்த பெரோடுவா மைவிக்கும் இதே வரிசைதான்.

தீர்ப்பு இவ்வாறு அமைகிறது. முதலிடம், ரப்பர் புஷ்ஷோடு நீளம் மாற்றத்தக்க லேட்டரல் ராடுக்கு. ஆனால் அந்த இடம் நிபந்தனையுடையது. சக்கரம் மாற்றிப் பார்க்கும் சோதனையும், சமதளத்தில் காலில் நிற்கும் காரை அளப்பதும், கோணலைப் பிரித்தெடுப்பதும் முன்னே நடந்திருக்க வேண்டும். அளவுகோடு சேஸி, அதில் நடுவாக்கிய பிறகும் ஒரு மட்காட் குறுக்கே வந்தால் மடிப்பு துணை நிற்கலாம். அப்போதும் பற்றவில்லை என்றால் ரிம்மின் அகலமோ ஈடியோ அந்த வண்டிக்கு மிகுதி. அதைத் திருப்பிக் கொடுப்பதே மிச்சமுள்ள வழி. டயர் உடலுக்கு வெளியே துருத்தினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சம்மனும், பெயர் மாற்றும்போது நடக்கும் வாகனச் சோதனையும் அதே தீர்ப்பைத்தான் வேறு மொழியில் சொல்லப்போகின்றன. வாட் இணைப்பு மதிப்புக்குரியது, இங்கே தேவையற்றது. ஒற்றைப் பக்க ஸ்பேசர் மதிப்புக்குரியதும் அன்று, தேவையானதும் அன்று.

இந்த வரிசையில் கம்பிக்கு ஆகும் செலவைவிட அளப்பதற்கு ஆகும் நேரமே அதிகம். பட்டறைகள் அந்த நேரத்துக்குக் கூலி கேட்பதில்லை, வாடிக்கையாளரும் கொடுப்பதில்லை. கேட்கட்டும், கொடுப்போம். அளவுத் தாளை, திருகுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களோடு, பில்லுடன் சேர்த்துத் தரும் பட்டறைக்கு வேலை கொடுப்பது என்று நாலு பேர் முடிவெடுத்தாலே இந்தத் தொழிலின் தரம் ஒரு படி ஏறிவிடும்.